அழிப்புப் பட்டியலில் பறவைகள்

பாலாம்பிகைக்கும் ருக்கியாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு கமராதான் இருந்தது. அது போதுமாகவும் இருந்தது. ஏனென்றால், பறக்கிற பறவையைப் படம் பிடிக்கத் தேவையான உறுப்புகளும் அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கானவைதான் இருந்தன.

கண் பாலாம்பிகையுடையது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றபடியே, பேராதனைப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸின் சாரதி கட்டியிருக்கும் கைக்கடிகாரம் எத்தனை நிமிஷம் பிந்தி ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் சின்ன வயதிலிருந்தே கை நடுக்கம். அவள் தேத்தண்ணி கொண்டுவந்தால் சீனியைக் கலக்கக் கரண்டி வேண்டியதில்லை.

கை ருக்கியாவுடையது. பத்தடிக்கு அப்பால் அவளுக்குக் கொக்கும் ஒன்றுதான், கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சாரமும் ஒன்றுதான். கண்ணாடி போட்டால் சாரத்துக்கு ஓரம் தெரியும், அவ்வளவே. ஆனால் அந்தக் கையை எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்கும். ஒருநாள் கண்டி வாவிக்கரையில் கமராவைத் தூக்கிப் பிடித்து நின்றபோது, மீன்கொத்தி ஒன்று அவளுடைய முழங்கையை மரக்கிளை என்று நினைத்து வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்த மீனை ஆறுதலாகத் தின்று முடித்து, முள்ளை அங்கேயே வைத்துவிட்டுப் போனது. முள்ளை இரண்டு பேருமே பார்த்தார்கள். ஆகவே மூன்றாவது சாட்சி தேவையில்லை.

படம் எடுக்கும் முறை இதுதான். ருக்கியா கமராவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பாள். பாலாம்பிகை பின்னால் நின்று, அவளுடைய தோளில் தன் மோவாய் நாடியை ஊன்றி, இரண்டு கையாலும் அவளுடைய இரண்டு புஜத்தையும் பிடித்துக்கொண்டு, ஆட்டோ ஓட்டுவது போல அவளைத் திருப்புவாள்.

"இடது தாத்தா. இன்னும் இடது. மேல... மேல... ஐயோ அவ்வளவு மேல இல்ல, அது சாமி இருக்கிற எடம். எறக்குங்க. இப்ப!"

ருக்கியா இரண்டு வயது மூத்தவள். அவளுடைய ஊரான மடவளையில் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பாலாம்பிகையும் முப்பத்தைந்து வருஷமாக அப்படியே கூப்பிட்டு வந்தாள்.

கமரா, பாலாம்பிகையின் அண்ணன் மகன் கனடாவிலிருந்து வந்தபோது, பெட்டியில் நிறை கூடிவிட்டதென்று விட்டுப்போனது. அன்றிலிருந்து நாலு வருஷம், செவ்வாயும் வெள்ளியும் காலையில் இருவரும் வாவிக்கரையில் நின்றார்கள். பறவைகளும் பழகிவிட்டன. கொக்கு ஒன்று, ருக்கியா கமராவுக்குள் மெமரி அட்டை மாற்றி முடிக்கும்வரை ஆகாயத்தில் அப்படியே நின்று கொடுத்தது. அதற்கு அப்புறம் அந்தக் கொக்குக்குக் கழுத்துப்பிடிப்பு. இப்போதும் ஒரு பக்கமாகத்தான் பார்க்கும்.

எடுப்பதில் பிரச்சினை இருக்கவில்லை. எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் பிரச்சினை.

இருவரும் முப்பத்தொரு வருஷம் ஒரே அரசாங்கக் கந்தோரில், ஒரே பதிவறையில், எதிரெதிர்க் கதிரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அங்கே ஒரு விதி. எந்தக் கடதாசியையும் ஒரு உத்தியோகத்தர் தனியாக அழிக்க முடியாது. அழிப்புப் பட்டியல் எழுதி, காரணம் எழுதி, இரண்டு பேர் கையொப்பம் வைக்க வேண்டும். ஒருவர் ஆட்சேபித்தால் அந்தக் கடதாசிக் கோவை திரும்பவும் அலுமாரிக்குப் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகும் அவர்களுக்கு வேறு விதமாக எதையும் எறியத் தெரியவில்லை. பறவைக்கொரு கோவை திறந்தார்கள். கோவை இலக்கம் ஏழு: கொக்கு, கழுத்துப்பிடிப்பு உள்ளது. இலக்கம் பன்னிரண்டு: நீர்க்காகம், விலாசம் இல்லை. எல்லாம் நீலமட்டைக் கொப்பியில், கோடு போட்டு.

நாலு வருஷத்தில் எடுத்த படங்கள் ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினாலு. முறைப்படி அழிக்கப்பட்டவை இருபத்து மூன்று. அவற்றில் இருபது ருக்கியாவின் செருப்பு.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாவிக்கரையில், தோளில் நாடி ஊன்றியிருந்தபோதே ருக்கியா சொன்னாள்.

"பாலா, ஒரு கத ஈக்கு."

"கூழைக்கடா வருது. பொறுங்க."

"மகள் ஹிதாயாக்கு வயித்துல ஏழு மாசம். மாப்புள கத்தார்ல. மூத்தவன வெச்சிக்கிட்டு, படிப்பிக்கவும் போய்க்கிட்டு, மன்னார்ல ஒத்தயில கஷ்டப்படுறா. என்னய வரச் சொல்றா."

"எத்தன நாளைக்கி?"

ருக்கியா கமராவை இறக்கவில்லை. "வீட்ட வாடகைக்கிக் குடுக்கப் போறம்," என்றாள்.

கூழைக்கடா தலைக்கு மேலே, கால்விரலை எண்ணக்கூடிய உயரத்தில் போனது. பாலாம்பிகை 'இப்ப' என்று சொல்லவில்லை. நாலு வருஷத்தில் அவள் கூப்பிடாமல் போன முதற் பறவை அதுதான். அதுவும் கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தது.

"போறதுக்கு முந்தி கோவையெல்லாம் மூடணும்," என்றாள் ருக்கியா. "படமெல்லாம் ஹிதாயா இங்க உட்டுட்டுப் போன லெப்டொப்லதானே ஈக்கு. அது மூச்சு வாங்குது, அவக்கு பாடம் தயாரிக்க வேணுமாம். நூறு படம் வெச்சிக்குவம். மிச்சத்த ஒழுங்கா அழிச்சிட்டுத்தான் போவன். அர கொறயா உட்டுட்டுப் போனா எனக்கு நித்திர வராது."

மற்றதெல்லாம் பாலாம்பிகையின் காதில் ஏறவில்லை. கடைசிச் செய்தி மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பட்டியல் முடியாவிட்டால் ருக்கியா போகமாட்டாள். பட்டியல் முடிய இரண்டு கையொப்பம் வேண்டும். இரண்டாவது கையொப்பம் தன்னுடையது.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து பாலாம்பிகை தினமும் கட்டுக்கலையிலிருந்து நடந்து, குட்செட் பஸ் நிலையத்தில் மடவளை பஸ் ஏறினாள். அவள் கட்டுக்கலையில் தனியாக இருந்தாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். வந்தவரின் வேட்டி அத்தோடு மண்ணிறமாகிவிட்டது. அவர் அதை அப்படியே பத்து வருஷம் கட்டினார் என்றும் கேள்வி.

ருக்கியா வீட்டு மேசையில் லெப்டொப் திறந்திருந்தது. ஹிதாயா தாயை அழைத்துப்போக மன்னாரிலிருந்து வந்திருந்தாள். ஒருகையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அலுமாரியிலிருந்து சாமான் இறக்கிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

ருக்கியா கண்ணாடியைத் திரையோடு ஒட்டி வைத்து முதற் படத்தைப் பார்த்தாள். "இதுல வால் மட்டும்தான் ஈக்கு. அழிப்பம்."

"தலை அடுத்த படத்துல வருது தாத்தா. ரெண்டும் சேர்ந்தாத்தானே முழு ஆள்?"

அடுத்த படத்தில் தலை இருந்தது. ஆனால் அது வேறு பறவையின் தலை.

"உறவுக்காரனா இருக்கும்," என்றாள் பாலாம்பிகை. "ரெண்டையும் வைங்க."

"இதுல ஒண்டுமே இல்ல. வெறும் வானம்."

"இருந்துச்சு. இப்பத்தான் போச்சு."

"இது என்ட பெருவிரல், பாலா."

"எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க! ரேகை கூடத் தெரியுது. நாளைக்கு அடையாள அட்டை காணாமப் போனா என்ன செய்வீங்க?"

உள்ளேயிருந்து ஹிதாயா குரல் கொடுத்தாள். "பாலா மாமி, இப்புடிப் போனா என்ட புள்ள பொறந்து ஓ லெவல் சோதினையும் எழுதிரும்."

"எழுதட்டும்மா. நல்லா எழுதட்டும்."

செவ்வாய்க்கிழமை முழுவதும் வேலை செய்து இரண்டு படங்கள் அழிப்புப் பட்டியலில் ஏறின. புதன்கிழமை ஒன்றும் ஏறவில்லை. ஏறிய இரண்டில் ஒன்றுக்காகப் பாலாம்பிகை மேன்முறையீடு செய்து, அதையும் இறக்கிக்கொண்டாள். வியாழக்கிழமை அவள் கொண்டுவந்த ஆட்சேபணைகளில் ஒன்று, குறிப்பிட்ட நீர்க்காகம் நேற்றுக் கட்டுக்கலையில் அவளுடைய சன்னலுக்கு வந்து, தன் படத்தைப் பற்றி விசாரித்தது என்பது. ருக்கியா பேனாவை மூடி, அந்தப் படத்தையும் வைத்துக்கொண்டாள். பாலாம்பிகை சொல்வதை ருக்கியா ஒருநாளும் பொய் என்று சொன்னதில்லை. பதிவறையில் வெயில் வராத அந்த முப்பத்தொரு வருஷத்துக்கும் அவள்தான் வெளிச்சம் கொண்டுவந்தவள் என்று, வேறு யாரிடமாவது என்றால் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை பின்னேரம் ஆயிற்று. வீட்டில் சாமான் எல்லாம் பெட்டிக்குள் போய், மேசையும் இரண்டு கதிரையும்தான் மிச்சம். ஹிதாயா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமி, நாளக்கிக் காலயில ஏழு மணிக்கி வேன் வரும்."

"எப்படிம்மா? இன்னும் ஒன்பதாயிரத்துக்கு மேல கெடக்கே."

ருக்கியா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஹிதாயா, நீ கொஞ்சம் உள்ளுக்குப் போ மகள்," என்றாள். பிறகு, "பாலா, என்ன வேணும் ஒங்களுக்கு? நேரச் சொல்லுங்க."

பாலாம்பிகை திரையைப் பார்த்தாள். "இந்த மீன்கொத்திக்கு மூக்கு தெளிவில்ல. ஆனா பாவம், நல்ல சுபாவம்."

"மீன்கொத்திய நான் கேக்கல்ல."

"அப்ப நீர்க்காகமா?"

"பாலா."

பாலாம்பிகை கிண்ணத்தை எடுத்தாள். வட்டிலப்பத்தில் வைத்த கரண்டி கிண்ணத்தில் பட்டுக் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டிருந்தது. ருக்கியா கை நீட்டி, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். சத்தம் நின்றது.

"கையெழுத்து வந்தாலும் போறன், வராட்டியும் போறன். என்ட புள்ளக்கி நான் தேவ. ஒங்களுக்கும் தேவ எண்டு எனக்குத் தெரியும். அத எழுத எங்கட படிவத்துல கட்டம் இல்ல, பாலா. நான் என்ன செய்ய?"

பாலாம்பிகை கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "பஸ் போயிரும்," என்று எழுந்தாள். மடவளையிலிருந்து கண்டிக்குக் கால் மணிக்கொரு பஸ் ஓடும் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஹிதாயா வாசற்கதவைத் திறந்தபோது வேன் ஏற்கெனவே வந்து நின்றது. அதற்குள்ளே பாலாம்பிகை உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலமட்டைக் கொப்பி, அதன்மேல் கமரா, காதில் பேனா.

"கட்டுகஸ்தோட்டை வரைக்கும் வர்றேன்," என்றாள். "வழியில கொஞ்சம் முடிச்சிருவோம். அங்க இறங்கி பஸ் எடுத்துக்குவேன்."

ருக்கியா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, லெப்டொப்பைத் திறந்தாள்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பருந்தின் விஷயம் பாதியில் நின்றது. விவாதத்தின் நடுவே உத்தியோகத்தர் எழுந்து போவது அழகல்ல என்பதால் பாலாம்பிகை இறங்கவில்லை. அக்குறணையில் மழை பெய்தால் ரோட்டில் கால் வைக்க முடியாது. அன்று மழை பெய்யவில்லை, ஆனால் பெய்தால் என்ன செய்வது? மாத்தளையில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் ஊர் தாண்டிவிட்டது. தம்புள்ளையில் அவள் நித்திரை. நித்திரையிலும் இரண்டு ஆட்சேபணை சொன்னாள், ருக்கியா குறித்துக்கொண்டாள்.

மதவாச்சியில் வேன்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "அம்மா எங்க இறங்குறீங்க?"

"கட்டுகஸ்தோட்டை."

"அது காலயிலயே போயிட்டுதே!"

"பரவால்ல தம்பி. திரும்பி வர்றப்ப இறங்கிக்கிறேன்."

ஹிதாயா சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் இருந்த பிள்ளை ஒருதரம் புரண்டு படுத்தது.

மன்னாருக்குப் போகிற பாலத்தை நெருங்கும்போது பாலாம்பிகை திடீரென்று ருக்கியாவின் புஜத்தைப் பிடித்தாள். "நிப்பாட்டச் சொல்லுங்க!"

வலதுபுறம் ஆழமில்லாத கடல்நீரில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பூநாரைகள். பாலாம்பிகையின் கண்ணுக்கு எட்டிய தூரம் என்றால் அது இந்தியாவரைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. எழும்பியபோது கடல் இரண்டு விரல் தாழ்ந்து, கரையில் கட்டியிருந்த தோணி ஒன்று தரை தட்டியது. ரோட்டோரத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தியின் தோளில் ஒருத்தி நாடி ஊன்றி நின்றார்கள்.

"என்ன நெறம், பாலா?" என்று கேட்டாள் ருக்கியா, விரலை அழுத்திக்கொண்டே. அவளுக்கு வெளிச்சமான மேகம் ஒன்று அசைவது மட்டும் தெரிந்தது.

"ஹிதாயா பொறந்தப்ப அவ உள்ளங்கால் என்ன நெறம்?"

"ஆ," என்றாள் ருக்கியா. "அப்ப தெரியும்."

அங்கே நின்று நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தார்கள். மொத்தம் பத்தாயிரம் தாண்டியது. கண்டிக்குத் திரும்புவது பற்றிப் பேச்சே எழவில்லை.

ஹிதாயா வீட்டில் பாலாம்பிகை பத்து நாள் இருந்தாள். காலையில் மூத்த பேரனுக்கு முகம் கழுவிவிட்டாள். அந்தக் கை பட்டால் சவர்க்காரம் தானாகவே நுரை தள்ளும் என்று பையன் அவளைத் தவிர வேறு யாரிடமும் போகவில்லை. பின்னேரங்களில் பட்டியலைத் திறந்தார்கள். ஒரு படமும் ஏறவில்லை. ருக்கியா வற்புறுத்தவுமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்து, கூடாரத் துணி போன்ற தடித்த துணி ஒன்றை இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தலகாணியா தாத்தா? வரப்போற புள்ளைக்கா?"

"இல்ல. ஒங்களுக்கு ஒரு கை."

அது நீளவாட்டில் ஒரு பை. உள்ளே புளியங்கொட்டை. கழுவி, மூன்று வெயில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிரப்பியிருந்தாள். பை நிரம்பிய அன்று பாலாம்பிகை அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவளுடைய நடுக்கத்தில் சலசலவென்று மழை போலச் சத்தம் போட்டது. அவள் அதைப் பற்றிக் கதை எதுவும் சொல்லவில்லை.

அடுத்தநாள் காலை பூநாரை பார்க்கிற இடத்துக்கு இருவரும் போனார்கள். ரோட்டோரக் கட்டில் ருக்கியா பையை வைத்தாள். பைமேல் கமராவை வைத்து அழுத்தினாள். கமரா புளியங்கொட்டைக்குள் அமிழ்ந்து உட்கார்ந்தது. பிறகு பத்தடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வாங்க தாத்தா."

"வர மாட்டன்."

பாலாம்பிகை குனிந்தாள். கை நடுங்கியது. பை அந்த நடுக்கத்தை வாங்கிக்கொண்டது. கமரா ஆடவில்லை. தனியே ஒரு பூநாரை கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் அவள் உரக்கச் சொன்னாள். "இடது... இன்னும்... மேல... இப்ப!" அவளே சொல்லி, அவளே கேட்டு, அவளே அழுத்தினாள்.

ருக்கியா வந்து கமராவின் சின்னத் திரையில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"விரிச்ச செட்ட ரெண்டும் நல்லா ஈக்கு. கண் தெளிவில்ல. அழிங்க."

"தாத்தா! நான் தனிய எடுத்த மொதப் படம்!"

"மொதப் படம் எண்டா என்ன? கண் தெளிவில்லாட்டி அழிக்கத்தான் வேணும். ஒங்களுக்கு இத விட நல்லா எடுக்க ஏலும்."

பாலாம்பிகை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கண்ணுக்குத் தப்ப வழியில்லை. பூநாரையின் கண் கலங்கித்தான் இருந்தது. ஆட்சேபணை ஏதாவது வருகிறதா என்று கொஞ்சநேரம் காத்திருந்தாள். வரவில்லை. அழித்தாள். திரும்பவும் குனிந்தாள். நாலாவது படத்தை ருக்கியா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கமராவைத் திருப்பிக் கொடுத்தாள். பதிவறையில் அவள் ஒரு கோவையைச் சரியென்று ஒத்துக்கொள்வது அப்படித்தான்.

அன்று பின்னேரம் பாலாம்பிகையே கேட்டாள். "பேனா எங்க?"

இரண்டு மணித்தியாலத்தில் நூறு படம் தெரிவாயிற்று. வால் மட்டும் இருந்தவை போயின, வெறும் வானம் போனது, பெருவிரல் போனது. கழுத்துப்பிடிப்புக் கொக்கின் அறுபத்தெட்டுப் படத்தில் ஒன்று நின்றது. நீர்க்காகம் விசாரித்தால் என்ன சொல்வது என்று ருக்கியா கேட்டாள். "மாத்தலாகிப் போயிட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்," என்றாள் பாலாம்பிகை. பட்டியலின் கீழே ருக்கியா கையொப்பமிட்டாள். பக்கத்தில் பாலாம்பிகை இட்டாள். வழக்கமாக அவளுடைய கையொப்பம் மூன்று கோட்டைத் தாண்டும். அன்றும் தாண்டியது. மை காயும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"நாளைக்கிக் கண்டி பஸ் எத்தன மணிக்கி?"

"அஞ்சரைக்கி," என்றாள் ருக்கியா. "நான் கொண்டுவந்து ஏத்துறன்."

காலையில் மன்னார் பஸ் நிலையத்தில் கண்டி பஸ்ஸும் கொழும்பு பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பாலாம்பிகை சன்னலோரம் உட்கார்ந்து, மடியில் புளியங்கொட்டைப் பையை வைத்துக்கொண்டாள். பஸ் இரைந்ததும் ருக்கியா பத்தடி பின்னால் போய் நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, கொழும்பு பஸ்ஸைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள். கொழும்பு பஸ்ஸில் சன்னலோரம் இருந்த ஒரு பெரியவர், யாரென்று தெரியாவிட்டாலும், மரியாதைக்குத் தானும் கையாட்டினார். ருக்கியாவின் முகம் மலர்ந்தது. இன்னும் பலமாக ஆட்டினாள்.

பாலாம்பிகை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தப் பஸ்ஸிலிருந்து அவளும் கையாட்டிக்கொண்டே போனாள். பாலம் தாண்டியது, உப்பளம் தாண்டியது, பாதை காட்டுக்குள் திரும்பியது. மதவாச்சி வரைக்கும் ருக்கியாவின் கை அவளுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.